பூங்கா ரயிலில் ஒரு சண்டை

அன்புள்ள அம்மாவுக்கு, ஹகோடாட்டேயிலிருந்து தத்சுயா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

தங்கை சிசுருவும் மாப்பிள்ளை மோரியாவும் மகள் நாவோவோடு ஊர் பார்க்க வந்தார்கள். பழைய மரப்பெட்டி டிராமில் குழந்தைக்கு ஒரே குதூகலம். பிறகு பூங்காவில் குட்டி ரயில் ஏறினோம். அங்கேதான் சின்னச் சண்டை. நாவோ ஐஸ்கிரீமை மோரியாவின் சட்டையில் கொட்டிவிட்டாள். அவர் குழந்தையை அறைந்தார். தடுக்கப்போன சிசுருவின் முடியைப் பிடித்து, முகத்தை இரும்புக் கம்பியில் மோதினார். இரண்டு பல் போயிற்று.

"என் பொண்டாட்டி, நான் அடிப்பேன். நீ யாருடா கேக்க?" என்றார்.

ஓடும் ரயிலிலேயே அவர் மூக்கை உடைத்தேன். ஓட்டுநர் ரயிலை நிறுத்திவிட்டு வந்து இழுக்கும்வரை என் கை நிற்கவில்லை. விரலில் கட்டு, கையெழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம்.

போலீஸ் அவரைக் கூட்டிப்போனதும் நாவோ, "மாமா, அப்பா இல்லாம இன்னொரு சுத்து போலாமா?" என்றாள். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சிசுருதான் முதலில் ஏறினாள்.

இருவரும் என் அறையில்தான் இருக்கிறார்கள். நாவோவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், கொஞ்சம் பிளம் ஊறுகாயும் அனுப்புங்கள். மூன்று கிண்ணம் வைத்துச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. சிசுரு உங்களுக்குப் போன் செய்வாள். போன தடவை மாதிரி, "பொறுத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தத்சுயா