சாமி இல்லாத காலண்டர்

மாப்ளே,

போன வாரம் வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியில் பஸ் டயர் வெடித்தது. வைகாசி வெயில். எல்லோரும் இறங்கி, சாலையோரம் இருந்த ஒரே டீக்கடைக்குள் ஒதுங்கினோம். டீக்குச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பாய்லருக்குப் பின்னால், சீனி டப்பாவுக்கு மேலே, நீ அடித்த காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மழைக் காலண்டர்.

காலண்டர் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தேதித்தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. தாள்கட்டு இருந்த இடத்தில் துருப்பிடித்த பின்கள்தான். மேலே அட்டையில் படம் மட்டும் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் வெளுத்துப் போய், நீலமும் கறுப்பும் நின்றன. மழைக்கு அந்த இரண்டு மை போதும் போலிருக்கிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் லென்ஸை எடுத்துக்கொண்டு பெஞ்சு மேல் ஏறியிருப்பாய்.

தினசரிக் காலண்டரை நாம் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். மேல் பாதிப் படம் உன்னுடையது. திருத்தங்கலில் உன் அச்சகத்தில் அடித்தது. கீழ் பாதியில் தினமும் கிழிபடுகிற தாள் என்னுடையது. ராகு காலமும் எமகண்டமும் பஞ்சாங்கத்திலிருந்து வந்துவிடும். ராசிக்கு ஒரு சொல் மட்டும் நான் எழுதுவேன். வரவு, செலவு, பகை, சுகம், பயணம், சிரமம். இந்தச் சில சொற்களை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, தமிழ்நாட்டில் கணிசமான பேரைப் பல வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். இலக்கியம் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய வாசகர் கூட்டம் அமைவது கடினம்.

காலை முழுக்க முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் கலர் சரிபார்த்துவிட்டு, விரலில் இருக்கும் மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மத்தியானம் லுஹர் தொழப் போவாய். அதில் உனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ராசி இல்லாததுதான் குறை. “பன்னெண்டு பேருக்கு அள்ளி விடுதியே, எனக்கு ஒண்ணு குடுத்தாக் கொறஞ்சா போயிருவ?” என்று ஒரு நாள் சண்டைக்கே வந்தாய். கும்பத்தை உன் பெயருக்கு எழுதி வைத்தேன். அன்றிலிருந்து காலையில் போன் வரும்.

“இன்னைக்கு எனக்கு என்னலே?”

“சிரமம்.”

“நீ எழுதுனதுதான? எழுதுறப்ப என்னய நெனச்சுப் பாக்கக் கூடாதா?”

உன் உண்மையான கவலை வேறு. சாமி படம் போட்ட காலண்டரை வருடம் முடிந்தாலும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. கை வராது. தாள் தீர்ந்த பிறகும் ஆணியில் தொங்கும். ஆணியில் இடமில்லாதபோது கோயில் மரத்தடிக்குப் போகும். ரோஜாப்பூ, சிரிக்கிற குழந்தை, யாரும் போகாத ஊரின் பனிமலை, இவையெல்லாம் பொங்கலுக்கு வீடு கழுவும்போது கழிந்துவிடும். “சாமிய வச்சிருக்காகன்னா அது சாமிக்காக மாப்ளே. படம் நல்லாருக்குன்னு எவனாச்சும் ஒருத்தன், ஒரே ஒருத்தன், வருசம் முடிஞ்சும் சொவத்துல வச்சிருக்கணும். அப்பத்தான் நானும் படம் அடிச்சேன்னு சொல்லிக்கிரலாம்” என்பாய். இத்தனை வருடத்தில் பிறர் கேட்ட படத்தையே அடித்தவனின் ஆசை அது. நான் அதைக் கேலி செய்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.

அந்த ஆசை உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பார். பழைய நாலு கலர் மெஷின் ஒன்றைப் பார்த்து வாங்க ஜப்பான் போனோம். மெஷினை நீ பார்ப்பாய், விமான நிலையப் பலகைகளை நான் படிப்பேன் என்று ஏற்பாடு. போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிறு. விற்பவரின் கிடங்குக்கு விடுமுறை. மொழிபெயர்க்க அவர் கம்பெனியிலிருந்து வந்த கோவில்பட்டிக்காரர் தூங்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். நீ விடவில்லை. விடுதி ஜன்னல் வழியே பார்த்தால், நீண்ட அட்டை உருளைகளையும் தட்டையான பார்சல்களையும் சுமந்துகொண்டு ஒரு ஜனத்திரளே கடற்கரைப் பக்கம் இருந்த கண்காட்சி மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பிரிண்டிங் எக்ஸ்போலே! உருளையப் பாத்தியா? எந்திரிங்க, எந்திரிங்க!”

உள்ளே போனால் ஒரு மெஷினும் இல்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டைப் பல முறை உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய கூடம். அதில் வரிசை வரிசையாகச் சின்ன மேசைகள். மேசைக்கு ஒரு ஓவியர். முட்டைக்கோஸை மட்டும் வரைகிறவர் ஒருவர். செத்துப்போன தன் நாயைத் தபாலட்டை தபாலட்டையாக வரைந்து அடுக்கியிருந்த பெரியவர் ஒருவர். கம்பளித் துணியில் மீன் தைக்கிற வங்கிக் குமாஸ்தா ஒருவர். கோவில்பட்டிக்காரர் விளக்கினார். “இவங்க யாருக்கும் கீழ இல்ல அண்ணாச்சி. கம்பெனி கெடையாது, ஏஜென்ட் கெடையாது. வாரம் பூரா வேற வேலை. இன்னைக்கு மேசைக்கு வாடகை கட்டிட்டு வந்து உக்காந்திருக்காங்க.”

“சங்கம்?” என்றேன் நான்.

“சங்கமும் கெடையாது.”

அதுதான் அத்தனை ஓவியர்கள் ஒரே கூரையின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம். நம் பக்கம் நாலு ஓவியர் சேர்ந்தால் ஒரு சங்கம்; ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டு சங்கம்.

நீ ஏமாந்துபோய்த் திரும்புவாய் என்று நினைத்தேன். நீயோ பையிலிருந்து புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்தாய். அச்சில் கலர் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிற அந்தக் குட்டி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் குனிந்தாய். வருகிறவர்கள் எல்லாம் எட்ட நின்று தலையாட்டிவிட்டுப் போகும் இடத்தில், படத்தில் மூக்கு இடிக்கிற ஒரு மனிதன். முட்டைக்கோஸ்காரர் எழுந்து நின்றே விட்டார். உன்னை ஏதோ பெரிய விமர்சகர் என்று நினைத்திருக்க வேண்டும். “பச்சை கொஞ்சம் தூக்கல். மத்தபடி சோக்கா இருக்குன்னு சொல்லும்” என்றாய். கோவில்பட்டிக்காரர் பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்தார்.

கடைசி வரிசையின் மூலையில் அந்த அம்மாள் இருந்தார். நம் வயதுதான் இருக்கும். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. அவர் மேசையில் இருந்த அத்தனை படமும் ஒரே தெரு. அவர் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற தெரு. பாதி இறக்கிய கடை ஷட்டர், ஒரு மின்கம்பம், மழை. ஆள் யாரும் இல்லை. நீ ஒரு படத்தின் மேல் லென்ஸை வைத்தாய். வெகுநேரம் லென்ஸை எடுக்கவே இல்லை.

“புள்ளியே இல்ல மாப்ளே.”

“கையால வரைஞ்சதுல்லா?”

“அது தெரியும்லே. மழைக்குன்னு ஒரு கோடுகூட இல்ல. எங்கயும் இல்ல. ஆனா நனையுது பாரு.”

பார்த்தேன். நனைந்தது.

அந்த மூலைக்கு யாரும் வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தாய். அது உனக்குப் பொறுக்கவில்லை. “என்னலே, எழவு வீடு மாதிரி இருக்காக! ஒருத்தர்கூட வாங்கன்னு கூப்புட மாட்டேங்காக?” என்றாய். அடுத்த நிமிடம் நடைபாதை நடுவில் நின்று, தீபாவளி சீசனில் பட்டாசுக் கடை வாசலில் நிற்பவனைப் போலக் கையை வீசி, “வாங்க, வாங்க! வந்து பாருங்க! நல்ல மழை!” என்று தமிழில் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். கோவில்பட்டிக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் ஜனங்கள் உனக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வந்தார்கள். வணக்கம் வைத்த பிறகு பார்க்காமல் போவது அங்கே வழக்கமில்லை போல. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காலண்டருக்கு ஒரு படம் கேட்டாய். அவர் சம்மதித்தார். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார். கோவில்பட்டிக்காரர் தயங்கினார். “எத்தனை நாள் சுவத்துல இருக்கும்னு கேக்குறாங்க அண்ணாச்சி.”

“ஒரு வருசம்.”

“அதுக்கப்புறம்?”

நீ லென்ஸைத் துடைத்தாய். “கழட்டிப் போட்டுருவாக.”

“அப்படியேவா சொல்ல?”

“உள்ளதச் சொல்லும்.”

அவர் சொன்னார். அந்த அம்மாள் மேசையில் ஒரு படத்தை நேராக்கி வைத்தார். வருடா வருடம் இங்கே வருகிறேன், சிலர் வாங்கிப் போகிறார்கள், அது எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை என்றார். உங்கள் ஊரில் யாராவது ஒருவர் வருடம் முடிந்த பிறகும் வைத்திருந்தால் எனக்குச் சொல்வீர்களா என்று கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! உன் சொந்த ஆசையை வேற்று மொழியில் கேட்டவன் பார்வை. “சொல்லுதேன்னு சொல்லும்” என்றாய்.

ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் போட்டோம். அந்த ஆல்பத்தைக் காட்டித்தான் ஏஜென்டுகள் ஊர் ஊராக ஆர்டர் எடுப்பார்கள். முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் மழை. முதல் ஏஜென்ட் அதைப் புரட்டிய இடத்திலேயே நின்றான். “பாய், பட்டாசுக்காரக கிட்ட மழைப் படத்தக் காட்டச் சொல்லுதீகளே, நான் உசுரோட திரும்பி வரணுமா வேண்டாமா?”

சொன்னபடியே ஆயிற்று. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஆல்பத்தை மூடிவிட்டு, சாமி படத்துப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். போர்வெல்காரர் ஒருவர், பொழப்பில் மண்ணள்ளிப் போட வந்தீகளா என்றாராம். பட்டாசு ஊரில் மழையை விற்கப் புறப்பட்டவன் வரலாற்றில் நீ ஒருவன்தான். கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு விதைக்கடைக்காரர் ஆர்டர் கொடுத்தார். ரசனையால் அல்ல. “ஒரு சாமியப் போட்டா இன்னொரு கோயில்காரன் மொறைக்கான். இது பொதுவு” என்றார். மறு வருடம் இரண்டு கோயில்காரர்களும் சமாதானமானதும் அவரும் முருகனுக்குத் திரும்பிவிட்டார்.

அதிலிருந்து நீ சுவர் பார்க்க ஆரம்பித்தாய். யார் வீட்டுக்குள் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்ப்பாய். கல்யாண வீடு, துக்க வீடு, மாவு மில். வெம்பக்கோட்டைப் பக்கம் உனக்கு இல்லாத சோலியெல்லாம் வந்தது. “ஒண்ணுகூடவா இருக்காது?” என்பாய் திரும்பும்போது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் மாசி மாதம், மெஷினுக்கு லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. கபர்ஸ்தானில் உனக்கு மண் போட்டுவிட்டு வந்து அன்றைய தாளைப் பார்த்தேன். கும்பம்: சுகம். முந்தின வருடமே நான் எழுதி, அச்சாகி, ஊரெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. “அச்சானதுக்குப் பெறகு கண்ணாடியப் போட்டு என்ன செய்ய?” என்று, அச்சான தாளில் நான் பிழை தேடும்போதெல்லாம் கேட்பாயே, அந்தக் குரல் கேட்டது. மறுநாள் போன் வராத காலையில்தான் உன் கும்பத்தோடு நான் தனியாக விடப்பட்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

சரி, டீக்கடைக்கு வருகிறேன். கடைக்காரரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, இந்தப் பழைய காலண்டர ஏன் இன்னும் வச்சிருக்கீக?”

“காலண்டரா? காலண்டரு அந்தா இருக்குல்லா?” எதிர்ச் சுவரில் ஒரு முருகனைக் காட்டினார். “இது மழை.”

“தேதியெல்லாம் போயிருச்சே, எடுத்துரலாம்ல?”

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அது பாட்டுக்குப் பேஞ்சுக்கிட்டுக் கெடக்கு. அதப் போயி எதுக்கு நிப்பாட்டணும்?”

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர். விரலில் வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. “நாங்க நிப்பாட்டுவோம்லா. ஐப்பசி பொறந்தா நான் வந்து அதச் சொவத்தப் பாக்கத் திருப்பி வச்சிருவேன். சரக்கு காயணுமே. தீவாளி முடியவும் இவரு நேரா வச்சுக்கிருவாரு.”

“இவன் திருப்பி வச்ச வருசமும் பேஞ்சுச்சு” என்றார் கடைக்காரர்.

“அது நீரு முந்துன நாளே நேரா வச்சதால!”

இருவரும் வருடா வருடம் இதைப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. மாப்ளே, நீ சாமி இல்லாமல்தான் அடித்தாய். ஒருவர் படத்துக்காக வைத்திருக்கிறார். இன்னொருவர் அதற்குப் பயப்படுகிறார். இதற்கு மேல் ஒரு படம் என்ன செய்ய முடியும்?

போனில் படம் எடுத்து, பெஞ்சுக்காரர் சொன்னதையும் எழுதி, கோவில்பட்டிக்காரருக்கு அனுப்பினேன். அவர் அந்த அம்மாளுக்கு அனுப்பினார். நேற்றுப் பதில் வந்தது. டீக்கடைக்காரருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். திருப்பி வைப்பவருக்கும் தனியாக நன்றி சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: அன்றைக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாரே, அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

இன்னும் இல்லை, சொல்கிறேன் என்று எழுதிவிட்டேன். அதற்குத்தான் இந்த மடல்.

நானும் இப்போது எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன். மரியாதை தெரியாதவன் என்று பெயர் வந்திருக்கிறது. அடுத்த வருடத் தாள்கள் அச்சுக்குத் தயாராகின்றன. டயர் வெடித்த தேதிக்குக் கும்பத்துக்கு ‘நற்செய்தி’ என்று போட்டிருக்கிறேன். ‘சிரமம்’ என்ற சொல்லைக் கும்பத்துக்குப் போடுவதை, நீ போன பிறகு நிறுத்திவிட்டேன். கும்ப ராசிக்காரர்கள் யாரும் இதுவரை காரணம் கேட்கவில்லை.