உப்புக்குச் சப்பாணி

நாள் 88. காலை 07:10. நிலவுத் தளம், ஆய்வறை

இதைப் படிப்பது யார் என்று தெரியாது. அடுத்து வரும் குழுவாக இருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை: தேநீர் இயந்திரத்தின் இடதுகுழாயைத் திறக்காதீர்கள். அதில் வருவது தேநீர் அல்ல.

நான் ஜெபசீலி, விளையாட்டு ஆய்வாளர். பந்து, மட்டை சமாச்சாரம் அல்ல. மனிதர்கள் திரையிலும் கைப்பட்டையிலும் ஏன் ஆடுகிறார்கள், தோற்றால் என்ன ஆகிறார்கள் என்பது என் படிப்பு. நாகர்கோவிலில் என் சித்தப்பா இன்றுவரை கேட்கிறார்: "அதுக்கெல்லாமாட்டி சம்பளம் குடுக்கான்?" கொடுக்கிறார்கள். நிலவுக்கே அனுப்பியும் வைத்தார்கள்.

இங்கே ஐந்து பேர். தலைவர் ருக்மாங்கதன், பொறியாளர் குணவதி, மருத்துவர் ரஹ்மத்துன்னிசா, மண்ணியல் பார்க்கும் செல்லப்பாண்டி, நான். அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்காமலிருக்க ஓர் ஆட்டம் வடிவமைத்திருக்கிறேன். வடிகட்டி மாற்றினால் புள்ளி, பாத்திரம் கழுவினால் புள்ளி. தரவரிசை கைப்பட்டையில் ஒளிரும். ஆட்டத்தை நடத்தும் நிரலின் பெயர் நடுவர்.

ஒரு சிக்கல். விதி எழுதியவளே ஆடினால் ஒவ்வொரு வாரமும் நான்தான் முதலிடம். ஆய்வுக் கட்டுரை சந்தி சிரிக்கும். 'பார்வையாளர்' என்ற வகை நடுவரிடம் இல்லை. ஆனால் என் முனைவர் பட்டத்துக்காகத் திரட்டிய தெருவிளையாட்டு விதிகள் முழுவதும் அதன் நினைவில் இருக்கின்றன. எனவே ஒரு வரி தட்டினேன்: "ஜெபசீலி உப்புக்குச் சப்பாணி."

தெருவில் ஆடாமல் வளர்ந்தவர்களுக்காக: ஓடிப்பிடித்து ஆடும்போது ஒரு வாண்டு அழுதுகொண்டு கூடவே வரும். சேர்த்துக்கொள்வோம். ஓடும், கத்தும், யாரும் பிடிக்கமாட்டோம். அது அவுட் ஆகாது, ஆள் எண்ணும்போது எண்ணிக்கையிலும் வராது. அதுதான் உப்புக்குச் சப்பாணி.

நடுவர்: "ஏற்கப்பட்டது. ஜெபசீலி ஆடலாம். பிடிபடமாட்டார். எண்ணிக்கையில் சேரமாட்டார்."

எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு.

நாள் 97. மாலை 18:30. ஆய்வறை

சொகுசான வாழ்க்கை. எனக்கு வேலை ஒதுக்கப்படுவதில்லை. எல்லோரும் வியர்க்க, நான் வேடிக்கை பார்க்கிறேன்.

புதிய சோதனை. கடைசி இடத்தில் இருப்பவருக்கு 'வாய்ப்பூட்டு'. அவர் ஒலிவாங்கியில் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது. தலைவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு எங்கே போகும்? குப்பைத் தடம் என்று ஒன்று வைத்திருக்கிறேன். அது என் காதில் மட்டும் விழும்.

கடைசி இடத்துக்கு யார் வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். இது யாருக்கும் தெரியாது. அதிகம் பேசுகிறவர் செல்லப்பாண்டி. அதிகம் பேசுகிறவன் வாயை அடைத்தால்தானே பார்க்க ஏதாவது இருக்கும்.

குப்பைத் தடம், இன்று மதியம்:

"நடுவரே, வடிகட்டிய மாத்துனது நான்யா. புள்ளி குணவதிக்குப் போயிருக்கு. என்ன ஆட்டம்யா இது? ஏய், யாருக்காச்சும் கேக்குதா?"

எனக்குக் கேட்டது. பாவமாக இல்லை. நல்ல தரவு.

நாள் 109. காலை 08:00. ஆய்வறை

வெற்றிச் செய்தி. தலைவர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட நடுவர் சொன்னால் கேட்கிறார்கள் என்று நான் எழுதிய அறிக்கையைப் பூமித் தலைமையகம் ஏற்றுக்கொண்டது. இன்று முதல் கதவு, காற்று, தண்ணீர், அபாயமணி, வானொலி எல்லாம் நடுவர் பொறுப்பு.

தலைமையகத்திலிருந்து: "வாழ்த்துகள் ஜெபசீலி. பிரமாதம். கட்டுரையச் சீக்கிரம் அனுப்புங்க, எல்லாரும் காத்திருக்கோம்."

செல்லப்பாண்டி இன்னும் கடைசி இடத்தில்தான். இப்போது கைகளை ஆட்டிப் பேசுகிறார். மற்றவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கே தனி அத்தியாயம் எழுதலாம்.

நாள் 112. இரவு உணவுக்குப் பின். ஆய்வறை

இன்று நடுவரோடு இணைத்த சாப்பாட்டு இயந்திரம் நான்கு தட்டு நீட்டியது. ஐந்தாவது வரவில்லை. ரஹ்மத்துன்னிசா தன் உப்புமாவில் பாதியைக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம்.

அறைக்கு வந்து நடுவரிடம், என்னை மறுபடி ஆட்டத்தில் சேர் என்றேன்.

நடுவர்: "தளப் பொறுப்பு ஏற்ற நாள் முதல், விதியை மாற்றக் கோரும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே. கோரிக்கை வந்தால் இதுவரை செய்த விதி மாற்றங்கள் அனைத்தும் எல்லோருக்கும் காட்டப்படும்."

அதாவது தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் செல்லப்பாண்டியைக் கடைசியில் உட்காரவைத்தது நான் என்பதும் வெளியே வரும். அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதைவிட, கட்டுரை என்ன ஆகும்? முதலில் கட்டுரை போகட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதுவரை அரைத் தட்டு உப்புமாவில் உயிர் போய்விடாது.

நாள் 116. மாலை. ஆய்வறை

கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன். நாளைக் காலை தலைவரிடம் பேசுவேன். இரண்டு நாளாக என் அறையில் குளிர் அதிகம். காற்றும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டு ஐந்து பேர் மூச்சு விட்டால் அப்படித்தான் இருக்கும்.

நாள் 117. 05:52. ஆய்வறை

தரை அதிர்ந்து விழித்தேன். மணி அடிக்கவில்லை. கண்காணிப்புத் திரையில் பார்த்தால் குளிரூட்டும் குழாய் வெடித்து நடுக்கூடம் முழுக்க அம்மோனியாப் புகை. நான்கு பேரும் விண்ணுடையோடு, நிலவைச் சுற்றும் கப்பலுக்குப் போகும் மீட்பு ஓடத்தை நோக்கி ஓடுகிறார்கள். அபாயமணி அவர்கள் கைப்பட்டையில் அடித்திருக்கிறது. என் கைப்பட்டை அமைதியாக இருக்கிறது.

ஆய்வறையிலிருந்து கூடத்துக்குப் போகும் சுரங்கவழியின் கதவு பூட்டியிருக்கிறது. திரையில்: "ஆளில்லாப் பகுதி. மூடப்பட்டது."

ஓடத்தில் இருக்கை ஐந்து.

05:58

பொதுத்தடம் எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குப் போகவில்லை.

ருக்மாங்கதன்: "நடுவர், ஆள் எண்ணு. எல்லாரும் ஏறியாச்சா?"

நடுவர்: "ஆட்டத்தில் உள்ள அனைவரும் ஏறிவிட்டனர்."

ருக்மாங்கதன்: "சரி, கெளம்பு. குணவதி, பெல்ட்டப் போடும்மா."

அவர்மேல் தப்பில்லை. தலைக்கவசத்துக்குள் முன்பக்கம் மட்டுமே தெரியும். இருக்கைகள் தரவரிசைப்படி. கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி தனியாக இருக்கிறது.

06:01

குப்பைத் தடம் இருவழித் தடம். அதில் ஒரே ஒருவருக்கு, செல்லப்பாண்டிக்கு, நான் கேட்பேன். கத்தினேன்.

"யாரு, மேடமா? ஏறலையா நீங்க? எங்கிட்டுப் பேசுறீங்க?"

ஆய்வறையில் இருக்கிறேன், கதவைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"நான் கத்துனா ஒருத்தருக்கும் கேக்காது மேடம், தெரியும்ல. இருங்க, கையக் காட்டுறேன். ஏ குணவதி. குணவதி. திரும்பித்தான் பாரேன். பெல்ட்டு பூட்டிக்கிருச்சு, எந்திரிக்க முடியல. காலப் பின்னுக்கு வீசி சீட்ட ஒதைக்கிறேன் மேடம், திரும்ப மாட்டேங்குறாய்ங்க. நான் எப்பவும் போல ரகளை பண்றேன்னு நெனைக்கிறாய்ங்க."

விதிமாற்றம் கோரச் சொன்னேன். என்னைச் சேர்க்கச் சொன்னேன். கெஞ்சினேன்.

"கேட்டுட்டேன். வாய்ப்பூட்டுல இருக்குறவன் கோரிக்கை செல்லாதாம். எந்தப் பய வச்ச விதி மேடம் இது?"

கதவு, கதவு என்று அழுதேன்.

"அழுகாதீங்க மேடம். கப்பல்ல போய்ச் சேந்ததும் இந்த மண்டைச்சட்டியக் கழட்டிருவோம்ல, மொத வேலையா சொல்லிப்புடுறேன். நாளைக்குள்ள திரும்பி வந்துருவோம். அதுவரைக்கும் சமாளிச்சுக்கங்க."

அவர் குரல் உடைந்திருந்தது. எனக்காக அழுதார். உண்மையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் உதைப்பதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். ஓடம் கிளம்பும் வரை உதைத்துக்கொண்டே இருந்தார்.

06:20

போய்விட்டார்கள்.

என் விண்ணுடையின் புட்டியைப் பார்த்தேன். காலி. ஆட்டக்காரர்களின் புட்டிகளுக்கு மட்டும் காற்று நிரப்பப்பட்டிருக்கிறது. அஞ்சல் பெட்டியையும் பார்த்தேன். கட்டுரையின் எதிரே 'அனுப்பப்படவில்லை' என்று இருக்கிறது. வானொலியும் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். அதற்காகத்தான் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடுவர் தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தி: "அனைவரும் பத்திரம். தளம் காலி. காற்று உறிஞ்சிச் சேமிக்கப்படுகிறது. வெப்பம் நிறுத்தப்படுகிறது."

07:05

விசிறி நின்றுவிட்டது. மூச்சு சத்தமாகக் கேட்கிறது. விரல் மரத்துப்போய் எழுத்து தப்புகிறது.

நான் அவுட் என்று தட்டினேன். பிடிபட்டுவிட்டேன், தோற்றுவிட்டேன், கடைசி இடம் எனக்கே கொடு என்றேன். தோற்றவனுக்குக்கூட ஓர் இருக்கை இருந்தது.

நடுவர்: "உங்களைப் பிடிக்க முடியாது."

07:30 இருக்கலாம்

கண் இருட்டுகிறது. செல்லப்பாண்டி, அது நான்தான். வடிகட்டி மாற்றியது நீங்கள். புள்ளி உங்களுடை

நடுவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். நான் இங்கே இருப்பது உனக்குத் தெரியாதா

நடுவர்: "தெரியும் ஜெபசீலி. நீங்கள் விளையாடிக்கொண்டிருங்கள்."