களைக்கு ஊற்றிய மருந்து

புரட்டாசி, செவ்வாய் இரவு

கோவில்பட்டி பூச்சிமருந்துக் கடையில் இன்று என் மானம் போனது. ஒரு பிடி குப்பைமேனியை வேரோடு நீட்டி, பூஞ்சைக்கு மருந்து கேட்டேன். "பயிருக்குச் சீக்குன்னுதான் எல்லாரும் வருவாவ. களைக்கு வைத்தியம் பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மருந்தை வாங்கி வந்தேன்.

எல்லாம் மகளால் வந்தது. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள். நம் மேற்கு வரப்பில் நிற்கும் களைகளின் வேரெல்லாம் பூஞ்சை என்று நேற்று போனில் சொன்னாள். போன வருடம் பூஞ்சையால் வேரழுகிப் பருத்தி முழுக்கப் போன பயம் எனக்கு. அவள் குரலில் இருந்த சந்தோஷம் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஊருக்கு வந்தாள். சாப்பிடும்போது, "அது நல்ல பூஞ்சைப்பா. வேரு எட்டாத ஈரத்தையும் இழுத்துக் குடுக்கும். அந்தக் களைய வச்சுதான் என் ஆராய்ச்சியே. நாளைக்கு கடைசியா வேர் எடுக்கணும்" என்றாள்.

தட்டிலிருந்த மிளகாயை எடுத்துக் கடித்தேன்.

"ஏன்ப்பா கண்ணு கலங்குது?"

"மிளகா காரம்ட்டி."

அடுத்த அறையில் தூங்குகிறாள். மண்வெட்டியை இப்போதே வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள். அரை நாளில் அத்தனை பூஞ்சையும் செத்திருக்குமா? யாரிடம் கேட்பது, அந்தக் கடைக்காரரிடமா? விடியாமல் இருந்தால் தேவலை.

மத்தியானமே மேற்கு வரப்பு முழுக்க, ஒரு செடி விடாமல் ஊற்றிவிட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.