இரண்டாம் கூட்டத்துக்கு ஒரு பெயர்

கேப்ளின் தீவு,
நியூஃபவுண்ட்லாந்து,
நவம்பர் 4.

மகன் ஆம்ப்ரோஸுக்கு உன் அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்த முறை அப்படி எழுதப் போவதில்லை. உன் அக்கா பிரைடுக்கு மார்பில் புற்றுநோய். ஜூன் மாதமே தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன். பாதிரியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நான் உனக்கு எழுதி ஒன்பது வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று படகு மூன்று தடவை வந்து போனது. மூன்று தடவையும் நான் துறையில் நின்றேன். நீ இறங்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எதையும் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நம் கிளினிக்கில் கீமோ கொடுக்க இரண்டு நாற்காலிகள் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஜெரால்டின் பிரைடின் கையில் மருந்து ஏற்றுகிறாள். மூன்று முறை முடிந்தது, இன்னும் ஐந்து பாக்கி. ஏற்றிக்கொண்ட அன்று சாயங்காலமே தன் கட்டிலுக்கு வந்துவிடுவாள். வாந்தி எடுத்தாலும் தன் வீட்டு வாளியில் எடுக்கிறாள். இப்போது ஒட்டாவாவில் நாடு முழுவதற்கும் புற்றுநோய்ச் சேவைக்குப் புதுத் திட்டம் போடுகிறார்கள். சின்ன ஊர்களின் நாற்காலிகளை எல்லாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். ஜனவரியிலிருந்து நாமும் அங்கேதான் போக வேண்டுமாம். முதலில் படகு, பிறகு எட்டு மணி நேரம் சாலை. ஜனவரிக் காற்றில் நம் படகு வாரத்துக்கு எத்தனை நாள் ஓடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரைடு முடிவாகச் சொல்லிவிட்டாள். "அவ்ளோ தூரம் போய்த்தான் ஏத்திக்கணும்னா எனக்கு வேண்டாம்மா. சாகறதா இருந்தா என் கட்டில்லயே சாகறேன்." அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். என்னிடமிருந்து போனதுதான்.

மக்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று செப்டம்பர் 18-ஆம் தேதி ஒட்டாவாவிலிருந்து இரண்டு பேர் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். ஊரே கூடி என்னைத்தான் பேசச் சொன்னது. லியாண்டர் துறையில் நின்று கத்தினான்: "ஃபிலோ அத்தை வாயைத் தொறந்தா ஒட்டாவாவுல ஜன்னல் கண்ணாடி தெறிக்கும், பாருங்கடா!" அவன் அப்பன் 1971-இல் எங்கள் வலையை அறுத்தவன். இருந்தாலும் அன்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிரைடு தன் வாயால் எதையும் சொல்ல மாட்டாள். தலையில் துணி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு, சாலை, வாந்தி என்று நான் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஆனால் நாங்கள் முதலில் சாப்பாடு போட்டோம். கடல் தாண்டி வந்தவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைப்போமா? பதினோரு வீட்டிலிருந்து தட்டுகள் வந்தன. உப்பு மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து நான் பொரித்ததில் அந்த ஒட்டாவாப் பெண் மூன்று தின்றாள். "பாட்டி, இப்படி ஒரு ருசிய நான் பார்த்ததே இல்ல" என்றாள். கையைத் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். "குறை ஏதாவது இருந்தா தயங்காம சொல்லுங்க" என்றாள்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். நம் ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது, கொடுத்த ரொட்டியைப் பிடுங்குவது போல. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்தேன். "நல்லாத்தான் கவனிச்சுக்கறாங்க கண்ணு. ஒரு கொறையும் இல்ல. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்றேன்.

ஆம்ப்ரோஸ், அதை என் வாய்தான் சொன்னது.

வீட்டுக்கு வரும் வழியில் பிரைடு என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "டீ நல்லா இருந்துச்சும்மா" என்றாள், அவ்வளவுதான்.

போன வாரம் அவர்களுடைய அறிக்கை வந்தது. தீவு மக்கள் குறை எதுவும் தெரிவிக்கவில்லை, ஆகவே மாற்றத்துக்கு எதிர்ப்பு இல்லை என்று எழுதியிருந்தது. ஜெரால்டின் அதைப் படித்துவிட்டு அழுதாள். லியாண்டர் என்னைப் பார்த்து, "எங்களத் திட்டறதுன்னா மட்டும் ஒனக்கு வாய் நீளுது அத்தை. பேச வேண்டிய எடத்துல டீ ஊத்தற" என்றான்.

1989-இல் மீன் ஆலையை மூட அதிகாரிகள் வந்தார்கள். இதே மண்டபம், இதே மாதிரி தட்டுகள். நீ உன் முன்னால் வைத்ததைத் தள்ளிவிட்டு, "மொதல்ல பேசலாம். அப்புறம் திங்கறவங்க திங்கட்டும்" என்று எழுந்தாய். மானம் போனதென்று ஊர் பார்க்க உன்னை அறைந்தேன். இடது கன்னம். அந்த இலையுதிர் காலத்தில்தான் நீ ஆல்பர்ட்டாவுக்குப் போனாய். ஆலை மேலும் இரண்டு வருஷம் ஓடியது. அது யாரால் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

ஜெரால்டின் விடாமல் போன் போட்டு இன்னொரு கூட்டம் வாங்கியிருக்கிறாள். டிசம்பர் 9, காலை பத்து மணி, அக்கரையில் படகு நிற்கும் ஊரின் பள்ளிக்கூடத்தில். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். நம் தீவுக்கு ஒரே ஒரு பெயர்தான் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்வதென்றால் அதற்குப் பிறகு கோபித்துக்கொள்.

பெயரைக் கூப்பிட்டு யாரும் எழவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களாம். அதற்குமேல் கூட்டம் கிடையாது. பிரைடுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கைகள் குச்சியாகிவிட்டன.

நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். "ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ்" என்று கூப்பிட்டதும் எழுந்து நில். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் உட்காராதே.

தேவமாதா உன் நாவில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஃபிலோமினா ஹைன்ஸ்