மூன்றாவது வரி

5.3.2025, புதன்
நாலாவது நோன்பு. இவருக்குப் பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் வேறொன்று. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தராவீஹ் தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் இரவு மாத்திரை தினமும் மறந்துபோகிறது. இரண்டையும் விடியுமுன் சாப்பிடும் சஹரிலேயே போடச் சொன்னேன்.
"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா?"
"இருவது வருசமா பிள்ளைகளுக்கு இதயப் பாடம் நடத்துதேன். எனக்குத் தெரியாதாக்கும்!"
"சரிங்க டீச்சரம்மா" என்று சிரித்தார்.

9.3.2025
பிரஷர் மெஷினில் 118/70! பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் ஜனாபாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். எங்கள் கோரைப்பாய்க் கடைக்குப் போனவர் மட்டும் மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே சோர்ந்து திரும்பிவிட்டார். நோன்புக் களைப்பு.

11.3.2025
மாலை அஸர் தொழுகைக்கு எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார். நோன்பை விடச் சொன்னேன். "இன்னும் ரெண்டு மணி நேரந்தானளா. பைய இருந்துக்கிடுதேன்."

12.3.2025
போய்விட்டார்.

20.3.2025
அன்று டாக்டர் சொன்னதை இன்றுதான் எழுத முடிகிறது. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் பாதையில் அவருக்கு ஏற்கெனவே பழுது இருந்ததாம். இரண்டு மாத்திரையுமே துடிப்பைக் குறைப்பவை. அதனால்தான் நேரம் பிரித்துக் கொடுத்தாராம். "பல்ஸ் எவ்வளவுன்னு பாக்கலியாம்மா?"
பார்க்கவில்லை. மெஷினில் மூன்று வரி. மேலே இருந்த இரண்டையும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதில் பதிந்திருக்கும் அன்றைய அளவை இப்போது எடுத்துப் பார்க்கிறேன், மூன்றாவது வரியில் துடிப்பு 41.
கரும்பலகையில அந்தப் பாதைய எத்தன தடவ வரஞ்சிருப்பேன்! பாவி, ஒரு தடவ அவர் கையப் பிடிச்சு எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா?

4.5.2025
இத்தாவில் இருக்கிறேன்; விதவைக்கு நாலு மாதம் பத்து நாள் வீட்டோடுதான். ஜனாபா வந்தாள். "உம்மா, ஒங்களுக்கும் தலை சுத்துதுல்லா. கைய நீட்டுங்க, பிரஷர் பாப்போம்."
மாட்டேன் என்று கத்திவிட்டேன். மெஷினில் அறுபது அளவுகள்தான் நிற்கும். புதிதாக ஒன்று ஏறினால் அவருடையது ஒன்று அழியும். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே போனாள்.

17.6.2025
தூக்கமில்லை.

21.7.2025, திங்கள்
இத்தா முடிந்தது. நாளை பள்ளிக்கூடம். ஜனாபாவிடம் சொல்லிவிட்டேன் — இரண்டு மாத்திரையையும் சேர்த்துப் போடச் சொன்னது நான்தான் என்று.
"வாப்பா டாக்டர்ட்ட கேக்கணும்னு சொல்லலியா?"
"சொன்னாக."
 எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிறகு மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.
"எம்பத்தெட்டு."
எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.