திருப்பிக் கூப்பிடுகிறோம்

மார்ச் 4

அக்கா தன் புது வீட்டு முகவரியை மருத்துவமனையில் கொடுத்துவிட்டாளாம். கொடுக்காவிட்டால் மருந்து வீட்டுக்கு வராது. அந்த மருத்துவமனைக்கு வரும் போன்களையெல்லாம் எடுப்பது எங்கள் கம்பெனிதான். இங்கே போனில் யாராவது கொஞ்சம் அழுதால் போதும், முகவரியை ஒப்பித்துவிடுவார்கள். புருஷன் உடைத்த கைக்குப் போட்ட கட்டையே அவள் இன்னும் பிரிக்கவில்லை. அவன் தேடுகிறான் என்று ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

மார்ச் 7

மேனேஜரிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைங்க எல்லாம் தங்கம்ப்பா. வருஷா வருஷம் நாமளே செக் பண்ணி எல்லாம் ஓகேன்னுதானே போட்டிருக்கோம்?"

தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூறு போட்டுக்கொள்கிற கூட்டம். அக்கா புருஷனையும் எல்லோரும் தங்கம் என்றுதான் சொன்னார்கள்.

மார்ச் 19

மருத்துவமனை கறாராகச் சொல்லிவிட்டது. வெளியாள் வந்து சோதித்து, தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஒப்பந்தம் தொடருமாம். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

ஏப்ரல் 2

சோதிக்க வந்தது ஒரு அம்மா. மூக்கு அடைத்திருந்தது. மேனேஜர் அடுக்கிவைத்த ஃபைல்களை அவர் தொடவே இல்லை. "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று மாடிப்படிப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்து சீட் தேன்குரல் — நாங்கள் வைத்த பெயர் — "ஐயோ, அழாதீங்கக்கா, எழுதிக்கோங்க" என்று யாருக்கோ ஒரு முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா திரும்பி வந்து அதே முகவரியை வாசித்தார். சோதனைக்கென்றே மருத்துவமனை பதிந்துவைத்த பொய் நோயாளியின் முகவரி அது!

தேன்குரல் அழுதுவிட்டாள். "உதவிதானே மேடம் பண்ணேன்?"

"தெரியும்மா. ஏமாத்த வர்றவன் அந்த நல்ல மனசத்தான் தேடி வருவான்."

சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எழுந்து கும்பிடத் தோன்றியது எனக்கு.

ஏப்ரல் 3

மேனேஜர் வாங்கி வைத்த காபியைக்கூட அவர் குடிக்கவில்லை. வெளியாள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 16

இப்போது யார் முகவரி கேட்டாலும் ஒரே பதில்: திருப்பிக் கூப்பிடுகிறோம். அதுவும் நோயாளி பதிந்த எண்ணுக்கு மட்டும். அந்த அம்மா மறுபடி வந்து விதவிதமாக அழுதும் அதட்டியும் பார்த்தார். பலிக்கவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது. இந்த முறையைத் தானே கண்டுபிடித்தது மாதிரி மேனேஜர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மாட்டட்டும், எனக்கென்ன!

ஜூன் 11

மத்தியானம் தேன்குரல் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "டேய், ஒரு ஆளு ஒரே அழுகை. அக்காவப் பாக்க ஊர்லேர்ந்து வந்திருக்கேன், வீடு தெரியல, நான் அவங்க தம்பிங்கறான். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா திருப்பிக் கூப்பிடறோம்னு வச்சுட்டு, அந்தக்கா நம்பருக்குப் போட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'என் தம்பி உங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கான்'ன்னாங்க."

சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "...நீயா?"

தலையை மட்டும் ஆட்டினேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். "யாருடா அவ? பொறந்த தேதியெல்லாம் கேட்டு, போலீஸ்காரி மாதிரி மிரட்டறா" என்றாள். தேன்குரல் என்றேன். நம்பவே மாட்டேன் என்கிறாள்.

உள்ளே காற்று வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.