உள்ரோட்டில் போன கார்

என் அண்ணாவுக்கு,

நீ இருந்தால், "என்ன பாப்பா, லெட்டரெல்லாம் பலமா இருக்குது?" என்று சிரித்திருப்பாய்.

உன் வெள்ளைக் காரை நேற்று பைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். உன் காரியம் முடியும்வரை பொறுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. நீ போன நாளிலிருந்தே வரவில்லை.

சங்ககிரி பைபாஸில் போலீஸ்காரர் உன்னை முதல் தடவை நிறுத்தி, "வண்டி யாருது?" என்று கேட்டார். "நம்முளுதுங்க" என்றாய். நம் தெருப் பெயரைக் கேட்டதும் டிக்கியைத் திறக்கச் சொன்னார், சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தார். பின்னாலேயே வந்த போர்வெல் ரிக் லாரி முதலாளியின் மகனுக்கு ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அவன் காரும் கடனில் வாங்கியதுதானே?

அதற்கப்புறம், "நான் டிரைவருங்க, ஓனரக் கூப்புடப் போறனுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாய். உடனே விட்டார்கள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். உனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்ததா அண்ணா?

உன் லாரித் தொழிலில் லோடு குறைந்து கார் தவணை தவறியதும், பைனான்ஸுக்கு வண்டி பிடிக்கிற ஆட்களும் அதே பைபாஸில் வந்து நின்றார்கள். பட்ட காலிலேயே படும். எங்கே போனாலும் உள்ரோடு என்று ஆனது.

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தாய். நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பைபாஸ் ஏறப்போகும்போது, "உள்ரோட்டுல போ பாப்பா, வண்டியப் புடிச்சுப் போடுவானுங்க" என்றாய். அந்த நேரத்திலுமா? நீ சொன்னாயே என்று திருப்பினேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. கேட் திறந்தபோது உன்னைக் கூப்பிட்டேன், நீ பேசவில்லை.

நேற்று சாவி வாங்க வந்த ஆளுக்கு எதுவும் தெரியாது போல. "ஓனர் யாருங்க, கையெழுத்து வேணும்" என்றார்.

"எங்கண்ணனுங்க. இது எங்கண்ணன் வண்டிங்க."

கத்திவிட்டேன் என்று அம்மா அப்புறம் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்களாம். அவர் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு காரை எடுத்தார்.

நாளைக்கு அம்மாவை வாடகைக்கு எடுத்த காரில் நானே ஓட்டி சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், இரைப்பு அதிகமாகிவிட்டது. பைபாஸிலேயே போவோம். யார் நிறுத்தினாலும் நிற்பேன், எந்தத் தெரு என்று கேட்டால் சொல்வேன். இனி உள்ரோட்டில் திரும்ப மாட்டேன் அண்ணா, நீயே சொன்னாலும்.

உன் பேச்சைக் கேட்டு வண்டியைத் திருப்பிய
உன் தங்கச்சி பாப்பா